முள்ளங்கித் துரையும் தைத்து வைத்த கடைசி அத்தியாயமும்

குற்றாலத்துப் பங்களாக்கள் அனைத்துக்கும் அரிசி, முட்டை, காய்கறி வழங்கும் ஏகபோகச் சக்கரவர்த்தியும், தென்காசியில் ஒரு ஓட்டு வீட்டுக்கும் அதன் ஒழுக்கல்கள் அத்தனைக்கும் பாத்தியப்பட்டவனும், மேற்கு மலைக்கு இந்தப் பக்கம் இங்கிலீஷ் துப்பறியும் நாவல் படித்தவர்களில் முதல்வனும் அநேகமாகக் கடைசியானவனுமாகிய உன் தகப்பன், சப்-இன்ஸ்பெக்டர் பதவியிலும் மாப்பிள்ளைப் பதவியிலும் ஒரே சமயத்தில் ஜொலிக்கும் மகனுக்கு எழுதுவது. இதை உறையில் போட்டிருக்கிறேன்; ஒட்டவில்லை. தபால்காரர் படிக்கலாம். உன் ஸ்டேஷன் ஏட்டு படிக்கலாம். உன் வருங்கால மாமனாராகிய சர்க்கிள் இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆற அமரப் படிக்கலாம். உன் கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. மஞ்சள் தடவிய ஓரமும் தங்க எழுத்துமாக, திருவிதாங்கூர் மகாராஜா வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட இப்படி அடித்திருக்க மாட்டார்கள். உன் அம்மா பட்டுப் புடவையை வெளியே எடுத்து வைத்தாள், மறுபடி பெட்டிக்குள் வைத்தாள், மறுபடி எடுத்தாள். நான் வேட்டியைத் தொடவே இல்லை. கல்யாணம் ஐப்பசியில். அதற்கு முந்தின வாரம் தென்காசிக் கோர்ட்டில் மைதீனுடைய வாய்தா. எது முந்தி வருகிறதோ அதைப் பற்றித்தான் முந்திப் பேச வேண்டும்.

உன் அம்மா என் மேல் சாட்டும் குற்றம் ஒன்று உண்டு. நான் உனக்குத் தகப்பனாக இருந்ததே இல்லையாம். கல்யாண வீட்டில் பிள்ளைகளைக் கெடுக்க வருகிற சேட்டைக்கார மாமனாகத்தான் இருந்தேனாம். வாஸ்தவம். மற்றப் பிள்ளைகள் தகப்பனிடம் நல்வழி கேட்டு வளர்ந்தார்கள். நீ கொலை கேட்டு வளர்ந்தாய். அதுவும் எப்பேர்ப்பட்ட கொலை! நூலகத்தில் கொலை, தேவாலயத்து மணிக்கூண்டில் கொலை, ஆப்பிள் மூட்டைக்குள் பிணம். சாரல் காலம் வந்துவிட்டால் நம் வீட்டில் ஒரு சீமைத் துரையாவது செத்தே ஆக வேண்டும். "அந்த ஊர்ல ஒருத்தராவது காய்ச்சல்ல சாக மாட்டாகளா?" என்று உன் அம்மா உளுந்தை ஆட்டிக்கொண்டே கேட்பாள், ஆனாலும் யார் கொன்றது என்று தெரியாமல் தோசை வார்க்க மாட்டாள்.

அந்தப் புத்தகங்கள் நம்மிடம் வந்த விதம் உனக்குத் தெரியும். இதைப் படிக்கப் போகிற ஏட்டுக்குத் தெரியாதே, அதனால் சொல்கிறேன். சாரல் தொடங்கியதும் மலைத் தோட்டத்துத் துரைமாரும் மதுரை, பாளையங்கோட்டைப் பக்கத்து உத்தியோகஸ்தர்களும் குற்றாலத்துப் பங்களாக்களில் வந்து தங்குவார்கள். அருவியில் குளிப்பார்கள், விஸ்கி குடிப்பார்கள், மழையைத் திட்டுவார்கள், பொழுது போகாமல் நாவல் படிப்பார்கள். படித்து முடித்ததை நாற்காலிக்கு அடியில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவை காலிப் புட்டிகளோடும் உடைந்த முட்டைக் கணக்கோடும் என்னிடம் வந்து சேரும். சாரலில் ஊறி அட்டை கழன்று, வெந்த இட்லி மாதிரி உப்பிப் போயிருக்கும். எழுதினவர் பெயர் அட்டையோடு போய்விடும். இந்த நிமிஷம் வரைக்கும் அந்த மகானின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் உள்ளே ஆள் ஒருவர்தான். வருஷா வருஷம் அதே இன்ஸ்பெக்டர். வீட்டுக் கொல்லையில் முள்ளங்கி வளர்த்து ஊர்க் கண்காட்சிக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு புத்தகத்திலும் தோற்பவர். அவருக்கு உன் அம்மா வைத்த பெயர் முள்ளங்கித் துரை. அவர் கூடவே திரியும் சார்ஜண்டுக்குத் தீராத ஜலதோஷம், அதனால் அவர் பெயர் சளிக்காரர்.

புத்தகங்கள் வரிசையாக வராது என்பதுதான் அதில் பெரிய சுகம். முதலில் வந்ததில் முள்ளங்கித் துரைக்குத் தலை நரைத்து முழங்கால் வலி. அடுத்த சாரலில் வந்ததில் அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஒரு வருஷம் சளிக்காரர் ஆற்றங்கரையில் சுடப்பட்டுச் செத்துப் போனார். நீ அன்றைக்குச் சோறு தின்னவில்லை. ஊரே இழவு வீடு மாதிரி இருந்தது என்று நான் சொன்னால் அது பொய். ஐந்தருவியே அன்று தண்ணீரை நிறுத்திக்கொண்டது என்று சொன்னால்தான் ஓரளவுக்கு உண்மை. மறு வருஷம் வந்த புத்தகத்தைப் பிரித்தால் முதல் பக்கத்திலேயே மனிதர் தும்முகிறார். நீ வீட்டுக்கும் தெருமுனைக்குமாக ஓடி, "சளிக்காரரு பொழைச்சுட்டாரு" என்று கத்தினாய். பக்கத்து வீட்டில் யாருக்கோ வைத்தியம் பலித்துவிட்டதென்று நினைத்துச் சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். செத்தவரைத் திரும்பப் பார்க்கிற பாக்கியம் வரிசையாகப் படிக்கிற வெள்ளைக்காரனுக்கு உண்டா? நமக்குத்தான் உண்டு.

நமக்கு என்றால் நான், உன் அம்மா, நீ, அப்புறம் மைதீன். கடையநல்லூரில் தறி நெய்கிறவன். சாரல் காலத்தில் தான் நெய்த துண்டுகளைத் தோளில் அடுக்கிக்கொண்டு அருவிக்கரைக்கு வருவான். குற்றாலத்துக்கு வருகிறவன் எதை மறக்காவிட்டாலும் துண்டை மறந்துவிட்டு வருவான் என்பது மைதீனுடைய பொருளாதார சாஸ்திரம். பொழுது சாயக் கடையநல்லூர் திரும்பும் வழியில் நம் வீட்டில் ஏறிவிடுவான். நான் இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்பான். தூங்குகிறானோ என்று நினைத்துப் பாதியைத் தாண்டினால், "அண்ணாச்சி, அந்தத் தோட்டக்காரன் கை நனைஞ்சிருந்துன்னு முந்தாநாள் சொன்னீயளே, அது என்னாச்சு?" என்பான். உன்னை மடியில் வைத்துக்கொண்டுதான் கேட்பான். பயமான கட்டம் வந்தால் நீ அவன் விரலைப் பிடித்துக்கொள்வாய். அந்த விரல்களைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

நம் வீட்டுச் சட்டம் பிறந்த கதைக்கு வருகிறேன். ஒரு சாரலில், பங்களா வராந்தாவில் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு முட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது, ஒரு குரங்கு அதைத் தூக்கிக்கொண்டு பலா மரத்தில் ஏறிவிட்டது. குற்றாலத்துக் குரங்குகளுக்கு இங்கிலீஷ் இலக்கியத்தில் உள்ள ஈடுபாடு உலகப் பிரசித்தம். முழுவதையும் நிதானமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடைசி அத்தியாயத்தை மட்டும் கிழித்துத் தின்றுவிட்டு மிச்சத்தை என் தலையில் போட்டது. கொலைகாரன் யார் என்பது அந்தக் குரங்குக்கு மட்டுமே தெரியும். அன்றைக்கு நாம் நாலு பேரும் அடித்த வாதம் இருக்கிறதே, லண்டன் பிரிவி கவுன்சில் கோர்ட்டில்கூட அப்படி ஒரு வாதம் நடந்ததில்லை. முழுப் புத்தகமாகப் படித்தபோதெல்லாம் கிடைக்காத ருசி அன்றைக்குக் கிடைத்தது. அது முதல், புத்தகம் வந்தவுடன் உன் அம்மா கோணி ஊசியால் கடைசி அத்தியாயத்தைத் தைத்துவிடுவாள். மற்றதெல்லாம் படித்தான பிறகு ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொல்ல வேண்டும். எல்லாரும் சொன்ன பிறகுதான் நூலை அறுப்பது. சொல்லும்போது ஒரு நிபந்தனை: சொன்ன பெயரை மாற்றக் கூடாது. விடிய விடிய யோசித்து மறுநாள் வந்து வேறு பெயர் சொல்கிற கோழைகளுக்கு நம் சாம்ராஜ்யத்தில் இடமில்லை. இந்தச் சட்டத்தை இயற்றிய சக்கரவர்த்தி நான்.

உன் அம்மா எப்போதும் சமையல்காரனைச் சொல்வாள். ஒரு தடவைகூடச் சரியாக வந்ததில்லை. மைதீன் பெயர் சொல்லவே நாலு நாள் இழுப்பான். "பாவம் அண்ணாச்சி, அவன் செய்யலேன்னா?" என்று கேட்பான். கதையில் வருகிற ஆள்தானப்பா என்றால், "கதையில வந்தாலும் பேரு பேருதானே" என்பான். நீ மட்டும் முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுவாய். பிணம் விழுகிற சத்தம் கேட்கும் முன்பே உன் வாயிலிருந்து பெயர் விழும். ஒரு வருஷம் நீ செத்தவருடைய ஊமைத் தம்பியைச் சொன்னாய். நூலை அறுத்தால் கொன்றது டாக்டர். நீ அழவில்லை. எழுந்து நின்று, புத்தகம் எழுதினவனுக்குத்தான் கொன்றது யாரென்று தெரியவில்லை என்று அடித்துச் சொன்னாய். நான் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிப் போனேன். சிங்கக்குட்டி என்று உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தேன். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "தப்புன்னு சொல்லிக் குடுக்காம தூக்கிக்கிட்டு அலையுதீய" என்றாள். சக்கரவர்த்திகள் இந்த மாதிரிச் சில்லறைப் பேச்சுக்குக் காது கொடுப்பதில்லை.

நீ போலீசில் சேரப் போகிறேன் என்றபோது அச்சன்புதூரில் உன் அம்மாவின் தமையன்மார் வயலைப் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார்கள். நான் அவர்களிடம், முள்ளங்கித் துரைக்கு வயசாகிவிட்டது, வாரிசு வேண்டாமா என்றேன். வேலூரில் பயிற்சி முடித்து நட்சத்திரம் குத்திய தோளோடு வந்து நீ நின்ற அன்றைக்கு, மைதீன் தன் தறியில் இருந்ததிலேயே நல்ல துண்டை எடுத்துவந்து உன் மேல் போர்த்தி, "தம்பி, யாரையும் நிக்க வச்சுக் கேள்வி கேக்காதீக, என்னா?" என்றான். நீயும் சிரித்தாய். நமக்கு அதன் அர்த்தம் தெரியும். முள்ளங்கித் துரை எந்தத் திருட்டுப் பயலிடம் பேசினாலும் முதலில் ஒரு நாற்காலியைத் தூக்கிப் போட்டு உட்காரச் சொல்வார். தானும் உட்காருவார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொள்வார். அப்புறம்தான் கேள்வி. இத்தனை வருஷத்தில், இத்தனை கொலையில், அவர் ஒருவன் மேல் கை வைத்ததாக ஒரு வரி இல்லை. அதைப் படித்துவிட்டு நான் எவ்வளவு பெரிய மடையனாக இருந்தேன் என்றால், போலீஸ் வேலை என்பதே நாற்காலி போடுகிற வேலை என்று நம்பிவிட்டேன். அந்த ராஜ்யம் அங்கே நாற்காலி கொடுத்து அனுப்புகிறது. அதே ராஜ்யம் இங்கே லத்தி கொடுத்து அனுப்புகிறது. நடுக்கடலில் எங்கேயோ அந்த நாற்காலி கப்பலிலிருந்து விழுந்து முழுகிவிட்டது போலிருக்கிறது.

இந்த வருஷச் சாரல் எப்படிப் பெய்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீயும் இங்கேதான் நனைந்தாய். மீன்கள் மரத்தில் ஏறி நெல்லிக்காய் தின்றன. வெளியூர் ஸ்டேஷனில் இருந்த உன்னைச் சீசன் காவலுக்கென்று குற்றாலத்துக்கே அனுப்பினார்கள். உன் அம்மா காலையில் கோயிலுக்கு, மத்தியானம் உனக்குச் சோற்றுக்கு, சாயங்காலம் திருஷ்டி கழிக்க என்று அலைந்தாள். அப்போதுதான் மேல் பங்களாவில் தங்கியிருந்த தேயிலைத் தோட்டத்துத் துரையின் தங்கக் கடியாரம் காணாமல் போனது. சர்க்கிள் இன்ஸ்பெக்டர் காரிலோ ரயிலிலோ அல்ல, தேரில் வந்து இறங்கியது போல வந்து இறங்கினார். யார் மேல் சந்தேகம் என்று உன்னைக் கேட்டார். அன்று காலை அந்த வராந்தாவில் துண்டு விற்ற ஆள் ஒருவன் இருந்தான். நீ பெயரைச் சொன்னாய். பிணம் விழுகிற சத்தம் கேட்கும் முன்பே.

அப்புறம் அவன் கை விரல் கணுக்களில் லத்தி விழுந்தது. நீ அடித்தாயா, அடிக்கச் சொன்னாயா, அடிக்கும்போது வேறு பக்கம் பார்த்தாயா என்று நான் கேட்கப் போவதில்லை. மூன்றும் ஒரே நூலின் மூன்று இழைதான். கடியாரத்தை மட்டும் எங்கே தேடியும் காணோம். காணாவிட்டால் என்ன? மைதீன் அதைச் செங்கோட்டைக்குக் கொண்டுபோய், திருவிதாங்கூர் எல்லையைத் தாண்டி விற்றுவிட்டான், நாங்கள் கண்ணால் பார்த்தோம் என்று சொல்ல, பரம்பரை பரம்பரையாகச் சாட்சி சொல்வதையே விவசாயமாகச் செய்து வருகிற இரண்டு புண்ணியவான்கள் கிடைத்தார்கள். அந்தச் சாமர்த்தியத்தை மெச்சித்தான் சர்க்கிள் இன்ஸ்பெக்டர் தம் பெண்ணைக் கொடுக்கச் சம்மதித்தார். ஊரே நல்ல சம்பந்தம் என்றது. நானும் வெற்றிலை மாற்றினேன். மைதீன் திருடியிருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, நிரூபிப்பது வேறு என்று நானே என்னைச் சமாதானம் பண்ணிக்கொண்டு வெற்றிலையை மென்றேன். சுண்ணாம்பு அதிகமென்று வேறு குறை சொன்னேன்.

சீசன் முடிந்தால் பங்களாக்களில் மிஞ்சின சாமானை நான் திரும்ப எடுத்துக்கொள்வது வழக்கம். மேல் பங்களாச் சமையல்கட்டில் ஜாடி நிறைய அரிசி மிஞ்சியிருந்தது. சாக்கில் கொட்டிக்கொண்டு வந்தேன். உன் அம்மா அதைப் படியால் அளந்து குதிருக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். படிக்குள் 'டங்' என்று ஒரு சத்தம். அவள் கையை விட்டு எடுத்தாள். தங்கக் கடியாரம். கண்ணாடியில் அரிசித் தவிடு ஒட்டியிருந்தது. அவள் அதை முந்தானையால் துடைத்தாள். என் கையில் வைத்தாள். மறுபடி படியை எடுத்து அளக்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் பங்களாவுக்குப் போய்ச் சமையல்காரனிடம் விசாரித்தேன். முதலில் உட்கார வைத்துத்தான் விசாரித்தேன். சாரலில் துரையின் கடியாரத்துக் கண்ணாடிக்குள் ஆவி பிடித்துவிட்டதாம். ஈரம் கோத்த பண்டத்தை அரிசிக்குள் புதைத்தால் ஈரத்தை இழுத்துவிடும் என்று இவன்தான் சொன்னானாம். சாரல் ஊரில் உப்பு, தீப்பெட்டி எல்லாவற்றுக்கும் நாம் செய்கிற வைத்தியம்தானே. துரை விஸ்கி மயக்கத்தில் தாமே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டுக் காலையில் மறந்துவிட்டார். இதை ஏன் போலீசில் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லி, அரிசியில தேடிக் கிடைக்காமப் போயிருந்தா எம் விரலும் போயிருக்கும் ஐயா" என்றான். உன் அம்மா ஜன்மம் முழுவதும் சமையல்காரனையே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன் செய்த ஒரே குற்றம் பயந்தது.

அந்தக் கடியாரத்தை, மைதீன் உனக்குப் போர்த்தி, நீ வீட்டிலேயே விட்டுப்போன துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு உன் ஸ்டேஷனுக்கு வந்தேன். வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம், அதையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் இதைப் பார்ப்பான், தொப்பியைக் கழற்றுவான், மைதீன் கிடக்கிற சப் ஜெயிலுக்கு ஓடுவான் என்று ரயிலில் எதிரே இருந்தவரிடம் பெருமையடிக்காத குறை. நீ துண்டை அவிழ்த்துப் பார்த்தாய். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாய்.

"இத யாருகிட்டயாவது காட்டினீயளா?"

உன் அம்மாவுக்குத் தெரியும் என்றேன்.

"அப்போ யாருக்கும் தெரியாது" என்றாய்.

அப்புறம் நீ நிதானமாக எனக்கு விளக்கினாய். சர்க்கிள் உன் பெயரை மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். இப்போது கேஸ் கவிழ்ந்தால் அவருக்குத் தலைகுனிவு, கல்யாணம் நிற்கும், உன் உத்தியோகம் அந்தரத்தில் தொங்கும். மைதீனுக்கு என்ன, சில மாதம். வெளியே வந்ததும் நீயே பார்த்து ஏதாவது செய்வாய். கல்யாணம் முடிகிற வரைக்கும் கடியாரம் அரிசிக்குள்ளேயே கிடக்கட்டும். நான் அவன் விரலைப் பற்றிக் கேட்டேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்தாய். பிறகு என் பக்கம் திரும்பி, சின்ன வயசில் சிரிக்கிற அதே சிரிப்போடு சொன்னாய்:

"பேரச் சொன்னா மாத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீய."

கடியாரத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு திரும்பிவிட்டேன். வருகிற வழியில் சப் ஜெயிலில் இறங்கினேன். ஜெயிலரும் என்னிடம் முட்டை வாங்குகிறவர்தான், பார்க்க விட்டார். மைதீன் கம்பிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். விரல்கள் வீங்கி, வளைந்தபடியே நின்றுவிட்டன. தறி ஓடத்தை இனி எந்த விரலால் தள்ளுவான் என்று நான் நினைத்ததை அவன் கண்டுகொண்டு கையை மடிக்குள் வைத்துக்கொண்டான். நான் உன்னைத் திட்டினேன். அகராதியில் இல்லாத வார்த்தைகளை எல்லாம் சிருஷ்டி பண்ணித் திட்டினேன். அவன்தான் என்னை நிறுத்தினான்.

"தம்பி எனக்கு நாற்காலி போடல அண்ணாச்சி. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இது வேற புஸ்தகம்னு."

அப்புறம், இந்த வருஷம் புத்தகம் ஏதாவது வந்ததா, சளிக்காரர் அதில் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டான். இருக்கிறார் என்றேன். அவன் தலையை ஆட்டினான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அந்தக் கதையை அவனுக்குச் சொன்னேன். காவலுக்கு நின்ற போலீஸ்காரரும் கிட்ட வந்து நின்று கேட்டார். பாதியில் நேரமாகிவிட்டது என்று சொல்ல வேண்டியவர், அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டார்.

உனக்கும் சொல்கிறேன், கேள். இந்த வருஷப் புத்தகத்தில் முள்ளங்கித் துரை தப்பான ஆளைப் பிடித்து உள்ளே போட்டுவிடுகிறார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. ஊரெல்லாம் அவரைப் புகழ்கிறது, மேலதிகாரி கை குலுக்குகிறார், அவ்வளவு ஏன், கண்காட்சியில் முள்ளங்கிக்குக்கூடப் பரிசு கிடைத்துவிடுகிறது. கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில், உண்மையான ஆள் வேறு என்று அவருக்கு மட்டும் தெரிந்து போகிறது. வேறு யாருக்கும் தெரியாது. மழை பெய்கிறது. பரிசு வாங்கின முள்ளங்கி மேஜை மேல் இருக்கிறது. தொப்பி ஆணியில் தொங்குகிறது. அதோடு அத்தியாயம் முடிந்தது. மிச்சத்தை உன் அம்மா தைத்து வைத்திருக்கிறாள். இந்தத் தடவை இரட்டை நூல்.

ஆக, கொன்றது யார் என்பதல்ல இந்த வருஷக் கேள்வி. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு ஜெயிலுக்குப் போவாரா மாட்டாரா என்பதுதான். நான், போவார் என்று சொல்லியிருக்கிறேன். மைதீன், "போவாரு அண்ணாச்சி, ஆனா பிந்திப் போவாரு" என்றான். உன் அம்மாவிடம் கேட்டேன். அவள் பட்டுப் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். "எம் மவன் சொல்லாம நான் சொல்ல மாட்டேன். நூலையும் அறுக்க விடமாட்டேன்" என்றாள். எனவே நீ சொல்ல வேண்டும். நீ முன்பே மனசுக்குள் ஒன்று சொல்லி வைத்திருந்தாலும் பரவாயில்லை. இந்த வீட்டுச் சட்டத்தை இயற்றிய சக்கரவர்த்தியாகிய நான் இன்று, ஓட்டு ஒழுக்கலுக்குப் பாத்திரம் வைத்துவிட்டு, என் கைப்பட அதை ரத்து செய்கிறேன். சொன்ன பெயரை மாற்றலாம். நூறு தடவை மாற்றலாம். நூல் அறுந்த பிறகும் மாற்றலாம். மாற்றாதவனுக்குத்தான் இனி இந்த வீட்டில் இடமில்லை.

வாய்தா அன்று கோர்ட்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். மடியில் ஒரு படி அரிசி இருக்கும், அரிசிக்குள் கடியாரம் இருக்கும். உன்னைக் கூப்பிடும்போது நீ சாட்சிக் கூண்டில் ஏறி உண்மையைச் சொன்னால் நான் அந்தப் பக்கமே வர மாட்டேன்; படியை உன்னிடம் கொடுத்துவிட்டு, கல்யாணம் நடந்தாலும் சரி நின்றாலும் சரி, உன்னோடு வீட்டுக்கு வருவேன். நீ பழைய பெயரையே சொன்னால் அடுத்தபடி நான் ஏறுவேன். களவு போன கடியாரம் என் வீட்டில், என் அரிசியில், என் கையில் அகப்பட்டது என்று சொல்வேன். நான் சொல்கிற காரணத்தை உன் மாமனார் ஏன் நம்ப வேண்டும்? அந்தப் பங்களாவுக்குள் சீசன் முழுவதும் போய் வந்தவன் நானும்தானே. மைதீனைப் பிடித்த நியாயப்படி அங்கேயே நீ பிடித்தாக வேண்டிய ஆள் நான்.

பிடி. நான் தடுக்க மாட்டேன். ஆனால் கேள்வி கேட்பதற்கு முன்னால் எனக்கு ஒரு நாற்காலி போடு.